தாத்தாவின் பிஸ்கட் டின்னில் சிறகு பேட்ஜ்கள்: கடலே இல்லாத கோவைக்கு நங்கூரம் எப்படி வந்தது?

சூலூர்ப்பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவின் அப்பா கோயம்புத்தூரில் தையற்கடை வைத்திருந்தவர். போன மாதம் பழைய வீட்டை இடிக்கும் முன் பரணைக் காலி செய்தபோது பட்டன், ஊசி, தேய்ந்த சாக்பீஸ் துண்டு எல்லாம் போட்டு வைத்த ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. அதன் அடியில் மல்துணியில் சுற்றிய நான்கு பேட்ஜ்கள் இருந்தன, நான்குமே சிறகு வடிவம். எனக்கு இதில் அரிச்சுவடி கூடத் தெரியாது, கண்ணில் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

முதலாவது, கறுப்பு என்று சொல்லும் அளவுக்கு அடர்ந்த நீலத் துணியில் தங்க ஜரிகை வேலை. நடுவில் நங்கூரம், அதில் கயிறு சுற்றியிருக்கிறது, அதைச் சுற்றி இலை வளையம், மேலே கிரீடம், இரண்டு பக்கமும் சிறகு. ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவது ஒற்றைச் சிறகுதான், வெளுத்த நூலில் தைத்தது, வளையத்துக்குள் 'ஏ ஜி' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். மூன்றாவது ஒரு குட்டி வெள்ளி ப்ரூச், அதாவது உடையில் குத்திக்கொள்ளும் நகை, இரண்டு புளியங்கொட்டையைச் சேர்த்து வைத்த அளவு, நடுவில் முத்துச்சிப்பி பதித்திருக்கிறது, பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவில் மூன்று நான்கு முத்திரைகள், அதில் ஒன்று நங்கூரம் மாதிரி. நான்காவது முதலாவதைப் போலவேதான், ஆனால் பாதி கெட்டுப்போயிருப்பதால் படம் எடுக்கவில்லை.

எனக்குப் புரியாதது இந்த நங்கூரம்தான். கோயம்புத்தூரில் கப்பல் ஏது?

வானூர்தி ரசிகன்:

அருமையான கண்டுபிடிப்பு. தங்க நிறமும் நங்கூரமும் சேர்ந்து வந்தாலே அமெரிக்கக் கடற்படை விமானிதான், சந்தேகமே வேண்டாம். போர்க்காலத்தில் இந்தியாவில் அமெரிக்கர்கள் நிறைய இருந்தார்கள். யாராவது தாத்தாவிடம் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

பொத்தான்பெட்டி:

இல்லை தம்பி, அவசரப்படாதீர்கள். சிறகை அப்புறம் பார்க்கலாம். சிறகு எல்லா நாட்டு பேட்ஜிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், விஷயம் நடுவில்தான் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் தங்கச் சிறகு 1917-இல் வந்தது. அதில் நங்கூரத்தின் மேல் கோடு போட்ட கேடயம் இருக்கும், கிரீடம் இருக்கவே இருக்காது. அவர்களுக்கு ராஜா ஏது? கிரீடமும் இலை வளையமும் நங்கூரமும் சேர்ந்து இருந்தால் அது பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு, அதாவது ஃப்ளீட் ஏர் ஆர்ம். இதை அவர்கள் மார்பில் அணிவதில்லை. இடது கையில், பதவியைக் காட்டும் தங்கப் பட்டை ஒரு சுழி சுழிக்கும் அல்லவா, அதற்கு மேலே தைத்துக்கொள்வார்கள்.

கிரீடத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். மேல் வளைவுகள் கவிழ்த்த கிண்ணம் போல உருண்டு போனால் அது ட்யூடர் கிரீடம், 1953-க்கு முந்தைய ராஜாக்கள் காலம். நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு தோளாக எழும்பினால் எலிசபெத் ராணி காலம். அவருக்குப் பிறகு சார்லஸ் மறுபடி ட்யூடர் கிரீடத்துக்கே போய்விட்டதால், இனிமேல் கிரீடம் ஒன்றை மட்டும் வைத்துக் காலம் சொல்லவும் முடியாது. துணியையும் பின்பக்கத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் படத்தில் நான் பார்த்தவரை உருண்டைதான்.

இப்போது கோயம்புத்தூருக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை விமானங்களைப் பழுதுபார்க்கும் தளம் ஒன்று கோவையில் இருந்தது, சூலூரிலும் ஒரு விமான தளம் இருந்தது. கடற்படை தன் கரைத் தளங்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் வைக்கும், விமான தளம் என்றால் பறவைப் பெயர். கோவை தளத்தின் பெயர் ஹெச்.எம்.எஸ். கருடா, ஹெச்.எம்.எஸ். என்றால் மன்னரின் கப்பல் என்று அர்த்தம். சூலூர் தளம் ஹெச்.எம்.எஸ். வைரி. தாம்பரத்தில் இருந்தது ஹெச்.எம்.எஸ். வல்லூறு.

சூலூர்ப்பேரன்:

ஐயா, இதைப் படித்துவிட்டு நாற்காலியில் இருந்து எழுந்தேவிட்டேன். வைரி, வல்லூறு இரண்டும் நம்ம ஊர்ப் பறவைப் பெயர்கள்! பிறந்ததிலிருந்து சூலூர் விமானப்படைத் தளத்தின் வேலியோரமாகப் போய் வருகிறேன், அது ஒரு காலத்தில் பெயரளவில் கப்பலாக இருந்தது என்று யாருமே சொன்னதில்லை. கிரீடத்தைப் பார்த்தேன், உருண்டைதான், பள்ளம் இல்லை.

யாழ்க்கரை:

எங்கட பக்கமும் அதே கதைதான். புத்தளத்தில் இருந்த தளத்துக்கு ராஜாலியா, கட்டுக்குருந்தையில் இருந்ததுக்கு உகுஸ்ஸா. இரண்டும் சிங்களப் பறவைப் பெயர்கள், முதலாவது கழுகு, மற்றது பருந்து இனம். 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பையும் 9-ஆம் தேதி திருகோணமலையையும் ஜப்பான் விமானங்கள் தாக்கின. அந்தத் தாக்குதலை நினைத்துப் பார்த்தால், விமானம் திருத்துகிற வேலையைக் கடற்கரையை விட்டுத் தள்ளிக் கோயம்புத்தூரில் வைத்தது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது. பிறகு 1944-இல் திருகோணமலையில் பெரிய விமானம் தாங்கிக் கப்பல்கள் எல்லாம் வந்து நின்றன.

இந்தப் பெயர் வைக்கும் பழக்கத்தை இந்தியக் கடற்படை விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கருடா இப்போது கொச்சியில் இருக்கிறது, 1953-இல் தொடங்கினது. அரக்கோணத்தில் ராஜாளி, உச்சிப்புளியில் பருந்து.

வெள்ளிமுத்திரை:

மூன்றாவது பொருளுக்கு நான் வருகிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வெள்ளி வேலை. ப்ரூச்சின் பின்பக்க நங்கூரத்துக்கும் கடற்படைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பிரிட்டனில் வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகங்களுக்கு ஒவ்வொரு சின்னம் உண்டு, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. பர்மிங்ஹாம் கடலிலிருந்து எவ்வளவோ தூரம், ஆனாலும் அதன் சின்னம் நங்கூரம்தான். அதனால் உங்கள் டின்னில் முன்பக்கம் நங்கூரம் இருப்பது கடற்படை, பின்பக்கம் நங்கூரம் இருப்பது பர்மிங்ஹாம் வெள்ளி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏமாந்தவர்கள் நிறைய.

அந்த முத்திரையோடு நடக்கும் சிங்கம் ஒன்று இருக்க வேண்டும், அது ஸ்டெர்லிங் வெள்ளி, ஆயிரத்துக்கு 925 பங்கு. கூடவே ஒரே ஒரு எழுத்து இருக்கும், அது சோதித்த ஆண்டைக் குறிக்கும். எழுத்தின் உருவமும் அதைச் சுற்றியிருக்கும் கட்டத்தின் வடிவமும் சேர்ந்துதான் ஆண்டு, எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மொபைல் கேமராவை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுங்கள், முத்திரைப் பள்ளத்தில் நிழல் விழும்.

இந்த அளவில் முத்துச்சிப்பி வைத்து வருவது சீருடைக்கு அல்ல. போருக்குப் போகிறவர் மனைவிக்கோ காதலிக்கோ அம்மாவுக்கோ கொடுத்துவிட்டுப் போகிற ப்ரூச். கொக்கி ஒடிந்திருக்கிறதா பாருங்கள். தையற்காரர் டின்னுக்குள் இது வந்திருப்பதால், ரிப்பேருக்குக் கொடுத்ததாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வானூர்தி ரசிகன்:

சரி, நங்கூர விஷயத்தில் நான் சொன்னது தப்பு, பொத்தான்பெட்டி ஐயாவுக்கு நன்றி. ஆனால் முதல் பேட்ஜில் தயாரிப்பாளர் முத்திரையே இல்லை, ஜரிகையும் இங்கிலாந்து வேலை மாதிரி ஒழுங்காக இல்லை, இடது சிறகு வலது சிறகை விட ஒரு நூல் கனமாகத் தெரிகிறது. உள்ளூரில் யாரோ போட்ட நகல் என்றுதான் நினைக்கிறேன். விற்பதாக இருந்தால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுக் கொடுங்கள், விலை கூடும்.

ஊசிமுனை:

சூலூர்ப்பேரன், தயவுசெய்து புளியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்! நான் ஜரிகை எம்ப்ராய்டரி செய்கிறவள், 22 வருடமாக இதே வேலை. இது குத்துவிளக்கு இல்லை. ஜரிகை என்பது வெள்ளி அல்லது செம்புக் கம்பியின் மேல் மெல்லிய தங்கப் பூச்சு. புளியோ எலுமிச்சையோ விபூதியோ எது போட்டுத் தேய்த்தாலும் அந்தப் பூச்சு போய்விடும், அடியில் இருக்கும் பருத்தி நூலும் ஈரத்தில் ஊறி அழுகும். கறுத்தது கறுத்ததாகவே இருக்கட்டும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அதில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். கஞ்சி போடாமல் துவைத்த பழைய வேட்டித் துணி போதும்.

இரண்டு சிறகும் சமமாக இல்லை என்பது குறையே இல்லை. மெஷினில் போட்டால் கண்ணாடியில் பார்த்தது மாதிரி இருக்கும். கையால் போடும்போது முதல் சிறகை ஒரு மனநிலையில் போடுவோம், இரண்டாவது சிறகுக்கு வருவதற்குள் கை பழகியிருக்கும், கம்பி கொஞ்சம் இறுகும். எந்தச் சிறகை முதலில் போட்டார் என்று கூட என்னால் சொல்ல முடியும், இடதுதான் முதலில். இறகு ஒவ்வொன்றுக்கும் அடியில் நூல் திண்டு வைத்து அதன்மேல் சுருள் கம்பியை வெட்டி வெட்டி மணி கோர்ப்பது போலக் கோத்திருக்கிறார். கயிறு சுற்றும் இடத்தில் கம்பியை முறுக்கிப் போட்டிருக்கிறார், அது எல்லோருக்கும் வராது.

இருட்டறையில் அல்ட்ரா வயலட் விளக்கு அடித்துப் பாருங்கள். நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் பிற்கால நூலாக இருக்கலாம், ஆனால் இக்கால சோப்புத்தூளில் ஒருமுறை துவைத்திருந்தாலும் அதே ஒளி வரும், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். எனக்கு வேண்டியது பின்பக்கப் படம். துணி பேட்ஜுக்கு ஜாதகம் பின்பக்கம்தான். அப்புறம் கெட்டுப்போனது என்று ஒதுக்கினீர்களே அந்த நான்காவது, அதன் படமும் வேண்டும்.

பொத்தான்பெட்டி:

ஊசிமுனை அம்மா சொன்னதற்கு மேல் ஒன்று. உள்ளூர் வேலை என்றால் நகல் என்று அர்த்தமில்லை. போர்க்களம் இருந்த ஊரிலேயே, அந்தக் காலத்திலேயே, சீருடை போட்டவனுக்காகவே தைத்தது என்றால் அதைத் தனி வகையாக மதித்துத் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இந்தியாவில் நம் ஜரிகைக்காரர்களும் தட்டார்களும் அமெரிக்க விமானிகளுக்குச் செய்து கொடுத்த சிறகுகளுக்கு அமெரிக்காவிலேயே பெரிய மதிப்பு உண்டு. நகல் என்பது வேறு, பிற்காலத்தில் ஏமாற்றுவதற்கென்றே செய்தது.

அந்த ஏமாற்றை நானே அனுபவித்திருக்கிறேன். அமெரிக்காவில் போர்க்கால ராணுவ விமானங்களை ஓட்டிய வாஸ்ப் என்ற பெண் விமானிகள் இருந்தார்கள், பயிற்சி முடித்தவர்கள் 1,074 பேர், 38 பேர் பணியில் இறந்தார்கள், 1944 டிசம்பர் 20-ஆம் தேதி அந்த அமைப்பையே கலைத்துவிட்டார்கள். அவர்களுடைய சிறகின் நடுவில் கேடயத்துக்குப் பதில் சாய்சதுரம் இருக்கும். அப்படி ஒன்றை ஒரு வியாபாரியிடம் இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கினேன். பல வருடம் கழித்து அசல் ஒன்றின் பக்கத்தில் வைத்து அளந்தபோது என்னுடையது இரண்டு மில்லிமீட்டர் சிறியது. அசலை வைத்து அச்சு எடுத்து உலோகம் ஊற்றினால் ஆறும்போது சுருங்கும், வார்ப்பு எப்போதும் தாயை விடச் சிறிதாகத்தான் பிறக்கும். லென்ஸில் பார்த்தால் இறகுக் கோடுகளுக்கு இடையில் வேர்க்குரு மாதிரிப் புள்ளிகள். டை என்கிற இரும்பு அச்சை வைத்து அடித்ததில் அந்தப் புள்ளி இருக்காது, கோடு கத்தி கீறியது போல இருக்கும். அன்றிலிருந்து ஸ்கேலும் லென்ஸும் இல்லாமல் நான் எந்தக் கடைக்கும் போவதில்லை.

உங்கள் ஒற்றைச் சிறகு, பிரிட்டிஷ் விமானப்படையின் ஏர் கன்னர், அதாவது விமானத்திலிருந்து துப்பாக்கி சுடுபவர். 1939 டிசம்பரில் வந்த பேட்ஜ். இறகை எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு இருக்க வேண்டும். முதலில் வரைந்ததில் பதிமூன்று இருந்ததாகவும், அது ராசியில்லாத எண் என்று ஒன்றை எடுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். ஒற்றைச் சிறகில் எழுத்து மாறினால் வேலை மாறும். 1942-இல் வழிகாட்டிக்கு என், குண்டு போடுபவருக்கு பி, எஞ்சினியருக்கு இ என்று வந்தன. அதற்கு முன்னால் 1915 முதல் அப்சர்வருக்கு, அதாவது விமானத்திலிருந்து வேவு பார்ப்பவருக்கு, ஓ என்ற ஒற்றை எழுத்து, இந்த வகைகளிலேயே பழையது அதுதான்.

யாராவது ராயல் இந்திய விமானப்படைச் சிறகு வைத்திருந்தால் பத்திரம். நம் விமானப்படைக்கு 'ராயல்' பட்டம் 1945 மார்ச்சில் கொடுத்தார்கள், 1950 ஜனவரி 26-இல் குடியரசானதும் போய்விட்டது, கிரீடம் இருந்த இடத்துக்கு அசோகச் சிங்கம் வந்தது. ஐந்து வருடத்துக்கும் குறைவான ஆயுள், அதனால்தான் கண்ணில் படுவது அபூர்வம்.

யாழ்க்கரை:

ஐயா, இடையில் ஒரு கேள்வி. என் நண்பரிடம் ஒரு உலோக பேட்ஜ் இருக்கிறது. சிறகு விரித்த கழுகு ஒன்று கீழ்நோக்கிப் பாய்கிறது, வாயில் இலை வளையம், மேலே சங்கிலி, பின்னால் திருகு, நாலு இலக்க எண். ஆள் ஜெர்மன் என்கிறார்.

பொத்தான்பெட்டி:

ஜெர்மன் இல்லை, போலந்து விமானி பேட்ஜ். 1919-இல் வடிவமைத்தது. சங்கிலியில் தொங்கும் கழுகும் வாயில் வளையமும் வேறு எந்த நாட்டுக்கும் கிடையாது. எண் போட்டுத்தான் கொடுப்பார்கள், அந்த எண்ணை வைத்து யாருக்குப் போனது என்று தேடலாம். நண்பரை அந்த எண்ணைப் பொதுவில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், போலி செய்கிறவர்கள் எடுத்துப் புது பேட்ஜில் வெட்டிவிடுவார்கள்.

சூலூர்ப்பேரன்:

இரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சொல்ல நிறைய இருக்கிறது.

ப்ரூச்சில் சிங்கம் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது, படம் போட்டிருக்கிறேன். வெள்ளிமுத்திரை அண்ணா சொன்னபடியே கொக்கி அடியோடு ஒடிந்திருக்கிறது. இறகு எண்ணினேன், பன்னிரண்டு.

இப்போது பின்பக்கம். முதல் பேட்ஜின் பின்னால் விறைப்பான பக்ரம் துணி, அதன்மேல் பசை போட்டு ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஓரமெல்லாம் பூச்சி அரித்து, நடுவில் பிழைத்த இடத்தில் அச்செழுத்து தெரிகிறது. தமிழ் எழுத்து. 'ர்த்திப வரு' என்று மட்டும் படிக்க முடிகிறது, கீழே ஒரு பிறை, அதற்குப் பக்கத்தில் பாதி எண். பழைய நாள்காட்டித் தாள் என்று அம்மா சொல்கிறார்.

நான்காவதைக் கெட்டுப்போனது என்று எழுதினேன். அது கெட்டுப்போனது இல்லை, முடியாதது. இடது சிறகும் நங்கூரமும் முழுதாக இருக்கின்றன. வலது சிறகு இருக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் போட்ட கோடு மட்டும், மேல் மூன்று இறகுக்குத் திண்டு நூல் வைத்தாகிவிட்டது, நான்காவதில் ஊசி நிற்கிறது. ஊசி துருப்பிடித்துத் துணியோடு ஒட்டியிருக்கிறது. நூலும் அதன் காதிலேயே இருக்கிறது.

ஊசிமுனை:

இடது சிறகுதான் முதலில் என்று சொன்னேன் அல்லவா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஊசியை எடுக்காதீர்கள்.

'ர்த்திப வரு' என்றால் பார்த்திப வருடம். தாரணத்துக்கு அடுத்தது பார்த்திப, 1945 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1946 ஏப்ரல் வரை. அறுபது வருடச் சுழற்சியில் அடுத்த பார்த்திப 2005-இல் தான் வந்தது, இந்தப் பழுப்புத் தாள் நிச்சயமாக அந்த வருடத்தது இல்லை. தயாரிப்பாளர் முத்திரை சொல்லியிருக்க வேண்டியதை நம்ம ஊர் நாள்காட்டி சொல்லிவிட்டது.

பொத்தான்பெட்டி:

ஆமாம், ஆனால் ஒரு கவனம். தாள் சொல்வது அதற்கு முன்னால் தைத்திருக்க முடியாது என்பதை மட்டும்தான். கிழித்த தாளை எந்தத் தையற்காரரும் உடனே தூக்கிப் போட மாட்டார், அடுத்த வருடம் கூட எடுத்து ஒட்டியிருக்கலாம். ஆனாலும் 1945 ஆகஸ்டில் போர் முடிந்து கடற்படைக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கோவையில் இந்த பேட்ஜைக் கேட்டு வர ஆள் இல்லை. ஆக 1945, மிஞ்சினால் அடுத்த வருடம். வானூர்தி ரசிகன் தம்பி உள்ளூர் வேலை என்று சொன்னது சரிதான், அதுதான் இதன் பெருமை. தைத்தவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று மூன்றும் தெரிந்த சிறகு என் நாற்பது வருட அனுபவத்தில் இதுதான் முதலாவது. நான்கையும் பிரிக்காதீர்கள். டின்னையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுவும் சேர்ந்ததுதான் சாட்சி.

வானூர்தி ரசிகன்:

புளி விஷயத்தை வாபஸ் வாங்குகிறேன். தாத்தா வேலையைக் குறைத்துப் பேசியதற்கு மன்னித்துவிடுங்கள் சூலூர்ப்பேரன். சொந்தமாக ஒரு வேண்டுகோள்: அம்மாவிடம் கேட்டு அவருக்கு ஞாபகம் இருப்பதையெல்லாம் எழுதி வையுங்கள்.

சூலூர்ப்பேரன்:

மன்னிப்பெல்லாம் எதற்கு, நீங்கள் சந்தேகப்பட்டதால்தான் பின்பக்கத்தைத் திருப்பினேன்.

நேற்று அம்மாவிடம் கேட்டேன். அவர் போர் முடிந்து ஆறு வருடம் கழித்துப் பிறந்தவர், நேரில் எதுவும் பார்க்கவில்லை. ஆனால் தாத்தா கடையில் ஜரிகை வேலை செய்து பார்த்த ஞாபகமே அவருக்கு இல்லையாம், சட்டையும் பள்ளிக்கூட யூனிஃபார்மும்தான். அப்படியானால் இந்த வேலையை யார் போட்டது என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாட்டிதான் கண்ணாடி இல்லாம ஊசி கோப்பா, ரவிக்கைக் கையில கொடி போடுவா" என்றார். பாட்டி போட்ட ரவிக்கை ஒன்று அம்மாவின் பீரோவில் இன்னும் இருக்கிறது. ஊசிமுனை அக்கா, அதன் கையில் இருக்கும் கொடியையும் நங்கூரத்தைச் சுற்றிய கயிற்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். கம்பியை முறுக்கின விதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.